டெயில்பைப் ஓரம் பேப்பர் ரோஸ்ட் மாதிரி இருக்கணும்

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஸ்கேல் மாடல் கார் (நிஜக் காரை அதே விகிதத்துல சின்னதாக்கிக் கட்டுற மாடல்) பத்தி எழுதும்போது கடைசில போறபோக்குல ஒரு வரி போட்டேன், கிட்டோட, அதாவது ஒட்டிக் கட்டுற பாகங்கள் இருக்கிற பெட்டியோட வர்ற சைலன்சர் பைப்பைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்கன்னு. ரெண்டு பக்கம் எழுதின மத்த விஷயத்தை ஒருத்தரும் கண்டுக்கல, வந்த கேள்வி பூரா அந்த ஒத்த வரியைப் பத்திதான். சரி, இந்த வாட்டி முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (திருப்பூர்): அண்ணே, 1/24 (நிஜக் காருல 24ல ஒரு பங்கு) ஜப்பான் கிட் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கேன். சைலன்சர் முனை ஓட்டையே இல்லாம கட்டியா வருது. பின் வைஸ்ல (கையால திருகுற குட்டி டிரில்) பிட் போட்டுத் துளைச்சேன், ஒரு பக்கமா சாஞ்சு சுவரு கிழிஞ்சு போச்சு. இன்னொரு முனையிலயும் அதே கதை. என்னதான் பண்றது?

பதில்: தம்பி, பத்துல ஒம்போது பேருக்கு இதான் நடக்குது, கவலைப்படாதீங்க. நேரா பெரிய பிட்டை வெச்சுத் திருகினா அது அதுபாட்டுக்கு வழுக்கிட்டுப் போகும். காம்பஸ் ஊசியால நடுவுல ஒரு புள்ளி குத்தி, 0.5 பிட்ல ஆரம்பிச்சு, அப்புறம் 0.8, அப்புறம் 1.2ன்னு மெதுவா ஏத்திக்கிட்டே போனா சாயாது. ஆனா நான் உங்களுக்கு அதைச் சொல்லப் போறதில்ல. எப்படியும் முனை போச்சு, அதை வெட்டி எறிஞ்சுட்டு வேற முனை வைங்க, ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன்.

நிஜக் கார்ல சைலன்சர் பைப்போட தகடு சுமாரா ஒன்றரை மி.மீ. கனம் இருக்கும். அதை 24ஆல வகுத்தா 0.06 மி.மீ. நாம ஜெராக்ஸ் எடுக்குற ஏ4 பேப்பரே 0.1 மி.மீ. இருக்கும், அப்போ உங்க மாடல்ல அந்த ஓரம் பேப்பரை விட மெல்லிசா இருக்கணும். கடையில கிடைக்கிற கே அண்ட் எஸ் கம்பெனி பித்தளைக் குழாய்க்குக் கூட சுவரு 0.35 மி.மீ., அதைத் திரும்ப 24ஆல பெருக்கிப் பாருங்க, எட்டரை மி.மீ. வருது. காருக்குப் பின்னாடி போர்வெல் பைப்பை சொருகி வெச்ச மாதிரி இருக்கும்ல. பைப்பு நெளிவு சரியில்லைனாலோ ஹேங்கர் (பைப்பைத் தாங்குற கொக்கி) ஒண்ணு விட்டுப்போனாலோ யாரும் கவனிக்க மாட்டாங்க, காரைத் தலைகீழாத் திருப்பிப் பாக்குறவன் எத்தனை பேரு? ஆனா பின்பக்கம் பாக்குற எவனுக்கும் அந்த வாய் ஓரம் தடிமனா இருந்தா உடனே கண்ணுல குத்தும், பொம்மைன்னு காட்டிக்கொடுக்குறதே அதுதான். வாயை மட்டும் ஒழுங்கா செஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ரெண்டு வழி இருக்கு. குழாய் வெச்சிருந்தீங்கன்னா புது பிளேடு முனையை வாய்க்குள்ள சாய்ச்சு வெச்சு குழாயைச் சுத்திக்கிட்டே இருங்க, உள்பக்கம் சரிவா சீவி வரும், வெளி ஓரம் கத்தி மாதிரி ஆயிடும். முன்னாடி 1 மி.மீ. நீளத்துக்குச் சீவினா போதும், உள்ள தடிமனா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது. அலுமினியம்னா ரெண்டு நிமிஷ வேலை, பித்தளைனா கொஞ்சம் பொறுமை வேணும்.

ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, காசும் கிடையாது. கூல் டிரிங்ஸ் கேன் இருக்குல்ல, அதோட பக்கத் தகடு சுமார் 0.1 மி.மீ. தான். கத்தரியால ஒரு பட்டை வெட்டிக்கோங்க (கையைக் கிழிச்சுக்காதீங்க, அந்த ஓரம் ரேசர் மாதிரி), ரெண்டு பக்க பெயிண்டையும் 600 நம்பர் உப்புத்தாளால தேய்ச்சு எடுத்துட்டு டிரில் பிட் தண்டு மேல சுத்துங்க. தகடு திரும்ப விரியப் பாக்கும், அதனால முதல்ல 2 மி.மீ. தண்டுல இறுக்கிச் சுத்திட்டு அப்புறம் 2.5 தண்டுக்கு மாத்தினா சரியா உக்காரும். அந்த சைஸுக்குப் பட்டை அகலம் 8 மி.மீ. சொச்சம். சந்து சேர்ற இடத்தை மேல் பக்கமா, பம்பரைப் பாத்த மாதிரி வெச்சு பெவிகுயிக் ஒரு துளி ஊசி முனையில தொட்டு விடுங்க. உள்ள மேட் பிளாக் அடிக்கணும், பளபள கறுப்பு அடிச்சுடாதீங்க, அது புகைக் கரியா தெரியாது, ஈரமாத்தான் தெரியும். ஓட்டை ஆழம் 5 மி.மீ.யாவது இருந்தாத்தான் அடி தெரியாம இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): பைப்பைக் கம்பியில வளைச்சுச் செய்யும்போது, எந்தப் பைப்புக்கு எத்தனை மி.மீ. கம்பின்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நான் கண்ணளவுல போட்டுட்டு இருக்கேன், எப்பவும் தடிச்சுப் போகுது.

பதில்: கண்ணளவுல போட்டா தடிச்சுத்தான் போகும், எனக்கும் அப்படித்தான். கணக்கு ஒண்ணும் பெருசில்ல, நிஜப் பைப்போட விட்டத்தை மி.மீ.ல மாத்தி ஸ்கேல் நம்பரால (1/24னா 24) வகுங்க. ரெண்டரை இன்ச் பைப்னா 63.5 மி.மீ., 1/24ல 2.65, 1/25ல 2.54. ரெண்டு இன்ச்னா 1/24ல 2.1. ரேஸ் காருல மூணு இன்ச் போட்டிருந்தா 3.2 கிட்ட வரும். இன்ஜின்ல இருந்து தனித்தனியா இறங்குதே, நம்ம மெக்கானிக் பாஷையில பெண்ட் பைப், அது ஒண்ணேமுக்கால் இன்ச்னா 1/24ல 1.85, ஒண்ணு அஞ்சுபை எட்டுன்னா 1.72.

இனி இதுக்குத் தோதா என்ன கிடைக்கும்னு பாப்போம். கையாலயே வளையற சால்டரிங் கம்பி நம்ம ஊர்ல எஸ்டபிள்யூஜி நம்பர்லதான் (நம்பர் கூடக் கூட கம்பி மெல்லிசு) விக்குது. 14 நம்பர் 2.03 மி.மீ., 16 நம்பர் 1.63, 18 நம்பர் 1.22, 20 நம்பர் 0.91, 22 நம்பர் 0.71. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ரவுண்டு போனா ரெண்டு மூணு நம்பர் கையில கிடைச்சுடும், உங்க ஊர்ல டிவி ரிப்பேர் கடைக்காரர்கிட்ட கேட்டா ஒரு முழம் ரெண்டு முழம் வெட்டிக் கொடுப்பார். 16 நம்பர் மேல பிரைமரும் பெயிண்டும் ஏறினா அந்த 1.7 கணக்குக்கு ஏறக்குறைய வந்து உக்காரும். பெயிண்ட் கனத்தை மறந்துட்டு அளவு எடுக்கறதுதான் தடிச்சுப் போறதுக்குப் பாதிக் காரணம்.

பழைய வீட்டு ஒயரிங்ல இருந்த ஒத்தக்கம்பி ஒயர் உங்க வீட்டு பரண்ல சுருட்டிக் கிடந்தா விட்டுடாதீங்க. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒத்தக்கம்பி கிட்டத்தட்ட 1.78 மி.மீ., 1/25 அமெரிக்க மசில் காருக்கு ஒண்ணேமுக்கால் இன்ச் பெண்ட் பைப் அப்படியே பொருந்தும், யாரோ நமக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி.

அப்புறம் இன்ஜெக்ஷன் ஊசி. இது குழாயாவே வர்றதால ஓட்டை போடுற வேலையே இல்ல. 18 நம்பர் ஊசி, அடியில பிங்க் கலர் பிளாஸ்டிக் இருக்கும், அது 1.27 மி.மீ. 16 நம்பர் வெள்ளை, அது 1.65. 14 நம்பர் 2.1 மி.மீ., அதாவது 1/24ல அச்சு அசலா ரெண்டு இன்ச் பைப். இந்தத் தடி ஊசியெல்லாம் சாதாரண மெடிக்கல்ல முழிப்பாங்க, மாட்டு ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற மருந்துக்கடையில கேளுங்க. சீல் உடைக்காத புது ஊசி மட்டும்தான், வேற எங்க இருந்தும் எடுக்க வேணாம். கட்டர் போட்டு வெட்டினா வாய் நசுங்கிடும், முக்கோண அரத்தால சுத்தி வர ஒரு கோடு போட்டுட்டு ஒடிங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒடிங்க, நுனி எங்க தெறிக்கும்னே தெரியாது.

கேள்வி (மதுரை): ரீஃபில் குழாய், இயர்பட் குச்சி ரெண்டையும் வெச்சு செஞ்சேன் சார். ஒட்டவே மாட்டேங்குது, பெயிண்ட்டும் தோலு மாதிரி உரியுது.

பதில்: அது பாலிபுரொப்பிலீன், பாலிஎதிலீன் வகை. அதுல எதுவுமே ஒட்டாது, பெவிகுயிக்கைத் திட்டிப் பிரயோஜனமில்ல. வளைக்கிறதுக்கு உள்ளச்சா வெச்சுக்கலாம், பாகமா வேணாம். பிளாஸ்டிக் இயர்பட் குச்சி 2022 ஜூலைல இருந்து தடை வேற, இப்போ வர்ற பேப்பர் குச்சியில கொஞ்சம் பெவிகுயிக் ஊற வெச்சா நல்லா கல்லு மாதிரி ஆயிடும், அது பெயிண்ட்டையும் பிடிக்கும். பைப்புக்கு அது சரிவராது, மப்ளர் (சத்தத்தை அடக்குற டப்பா) உருளைக்கு வேணா போடலாம்.

கேள்வி (அம்பத்தூர்): ஃபோர்டு ஜிடி40 கட்டுறேன், 1966 லே மான்ஸ் ரேஸ் வண்டி. பின்னாடி இன்ஜின் மேல எட்டு பைப்பும் பாம்புக் கூட்டம் மாதிரி பின்னிக்கிட்டுக் கிடக்கு. கிட்டுல வந்தது நடுவுல கோடு ஓடுற ரெண்டு பாதி பிளாஸ்டிக். சால்டரிங் கம்பியில செய்யணும்னு ஆசை, ஆனா எது எங்க போகுதுன்னே புரியல. ஏன் இப்படிப் பின்னி வெச்சிருக்காங்க?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்! இங்கிலீஷ்காரங்களும் அதைப் பாம்புக்கட்டுன்னுதான் சொல்றாங்க. ஏன் பின்னினாங்கன்னு புரிஞ்சா எது எங்க போகுதுன்னு தானா வந்துடும், அதனால முதல்ல அதைச் சொல்லிடறேன், கொஞ்சம் நீளும்.

அது வி8, அதாவது ரெண்டு பக்கமும் நாலு நாலா எட்டு சிலிண்டர். வலது பக்கம் முன்னாடி இருந்து பின்னாடி 1, 2, 3, 4, இடது பக்கம் 5, 6, 7, 8, ஃபோர்டு அப்படித்தான் நம்பர் போடுவான். வெடிக்கிற வரிசை 1-5-4-2-6-3-7-8. இப்போ விரல் விட்டுப் பாருங்க, 4க்கு அடுத்து 2 வெடிக்குது, ரெண்டும் வலது பக்கம். 7க்கு அடுத்து 8, ரெண்டும் இடது பக்கம். அப்போ ஒரு பக்கத்து நாலையும் ஒரே குழாய்ல சேத்தா புகை சீரா வராது, ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு முட்டிக்கிட்டு வரும், அப்புறம் ஒரு இடைவெளி விழும். அமெரிக்க வி8 வண்டி நின்ன இடத்துல கடகட கடகடன்னு உறுமுதே, அந்த தாளம் கெட்ட சத்தம் இதனாலதான். ரேஸுக்கு அது ஆகாது, ஒரு புகை வெளிய போகும்போது அடுத்தது சரியான இடைவெளியில வந்தாத்தான் முன்னாடி போறது பின்னாடி வர்றதை இழுத்துக்கிட்டுப் போகும்.

அதனால என்ன பண்ணினாங்க, வரிசையில ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தாங்க. 1, 4, 6, 7 ஒரு கட்டு. 5, 2, 3, 8 இன்னொரு கட்டு. இப்போ ஒவ்வொரு கட்டுக்கும் கிராங்க் (இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டு) அரைச்சுத்துக்கு ஒருதரம்னு சீரா புகை வரும். ஆனா 1ம் 4ம் வலது பக்கம், 6ம் 7ம் இடது பக்கம் இருக்கே, அப்போ ஒவ்வொரு பக்கத்துல இருந்தும் ரெண்டு பைப் இன்ஜினைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய்த்தான் ஆகணும். அதான் பாம்புக்கூட்டம். பாத்தீங்கன்னா வலது பக்கத்து ஓரத்து ரெண்டும் இடது பக்கத்து நடு ரெண்டும் ஒரு ஜோடி, வலது நடு ரெண்டும் இடது ஓர ரெண்டும் இன்னொரு ஜோடி. இதைப் பேப்பர்ல எழுதி மேஜை முன்னாடி ஒட்டி வெச்சுக்கோங்க. எந்தக் கட்டு எந்தப் பக்கம் இறங்குதுங்கறதை மட்டும் போட்டோ பாத்து முடிவு பண்ணுங்க, அதுவும் ரெஸ்டோர் பண்ணின வண்டி போட்டோ வேணாம், அந்தக் காலத்து கறுப்பு வெள்ளை போட்டோவா பாருங்க. 1967ல வந்த லோட்டஸ் 49 ரேஸ் காரோட காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜினும் வி8தான், ஆனா அதுக்கு இந்தப் பின்னலே கிடையாது, அதோட கிராங்க் தட்டையானது, ஒரு பக்கத்து நாலை ஒண்ணா சேத்தாலே சீரா வந்துடும். அதைக் கட்டுறவங்க இந்தத் தலைவலி இல்லாத புண்ணியவான்கள்.

சரி வேலைக்கு வருவோம். கம்பியை ரீல்ல இருந்து எடுத்த உடனே வளைக்காதீங்க, அதுல ஏற்கனவே ஒரு சுருட்டை இருக்கும். ரெண்டு தரை ஓடு எடுத்து நடுவுல கம்பியை வெச்சு உருட்டுங்க, நூல் பிடிச்ச மாதிரி நேராகும். கொறடு போட்டு வளைக்கவே கூடாது, ஈயத்துல பல்லு தடம் விழுந்தா போகாது, விரலாலயும் டிரில் பிட் தண்டாலயும்தான் வளைக்கணும். எவ்வளவு வளைவுன்னு ஒரு கணக்கு: பட்டறையில ரெடிமேடா வர்ற வளைவுப் பைப்புல வளைவோட ஆரம் நடுக்கோட்டுல பாத்தா பெரும்பாலும் பைப் விட்டத்துல ஒன்றரை மடங்கு. 1.85 மி.மீ. பைப்னா 2.8 மி.மீ. ஆரம், உள் ஓரத்துக்கு அதுல பாதிப் பைப்பைக் கழிச்சா 1.85, அப்போ 3.7 மி.மீ. தண்டுல சுத்தினா சரியா இருக்கும். அதை விட இறுக்கி வளைச்சா இடியாப்பம் மாதிரி தெரியுமே தவிர பைப்பா தெரியாது. இதை மட்டும் கடைப்பிடிச்சாலே உங்க வேலை அடுத்தவன் வேலையை விட ஒரு படி மேல நிக்கும்.

நேரா சால்டரிங் கம்பியில இறங்காதீங்க. முதல்ல மெல்லிசா ஒரு செப்புக் கம்பியை எடுத்து 1ம் நம்பர் ஓட்டையில இருந்து கட்டு சேர்ற இடம் வரைக்கும் வழி பிடிச்சு வளைச்சுக்கோங்க, அப்புறம் அதை நேராக்கி அளந்தா பைப்போட நீளம் கிடைச்சுடும். எட்டுக்கும் அப்படியே. நிஜ வண்டியில எட்டும் ஏறக்குறைய ஒரே நீளம் வரணும்னுதான் அத்தனை சுத்தல் போட்டிருக்காங்க, அதனால எட்டு கம்பியையும் ஒரே நீளமா வெட்டிட்டு அதுக்குத் தோதா நெளிவு தேடினா நிஜ வண்டி நெளிவு தானாவே வந்து நிக்கும், இதை முதல்தடவை கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ரெண்டு முனையிலயும் 0.5 மி.மீ. ஓட்டை போட்டு குண்டூசித் துண்டு சொருகி வைங்க, வெறும் பசையை நம்பினா எட்டாவதை ஒட்டும்போது முதலாவது கழண்டு வரும். சால்டரிங் கம்பிக்கு நடுவுல ஃபிளக்ஸ் (பத்தவைக்க உதவுற பிசின்) ஓடுறதால துளைக்கிறது சுலபம், பிட் தானா நடுவுல இறங்கும்.

உள்ளுக்குள்ள கிடக்கிற பைப்புல ஆரம்பிச்சு மேல வாங்க. ஒவ்வொண்ணுலயும் டேப் துண்டு ஒட்டி நம்பர் எழுதிடுங்க, எழுதாம விட்டா பெயிண்ட் அடிச்ச அப்புறம் எல்லாம் ஒரே மாதிரி கிடக்கும், நீங்களே மண்டையைப் பிச்சுக்குவீங்க. நாலு பைப் ஒண்ணா சேர்ற கூம்பு இருக்கே, நாலையும் சதுரமா அடுக்கினா வெளிச்சுத்து பைப் விட்டத்தை விட 2.4 மடங்கு வரும், 1.85க்கு ஏறக்குறைய 4.5 மி.மீ. அந்த அளவுல இருந்து 3.2க்கு இறங்குற கூம்பைக் கிட் சட்டத்துல (பாகங்கள் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) மிச்சமான பிளாஸ்டிக் குச்சியில சீவி எடுங்க, நாலு பைப்புக்கு நடுவுல தெரியற சந்தை எம்-சீல் வெச்சு அடைங்க. இன்ஜின் தலையில உக்கார்ற பிளேட்டை 0.5 பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டினா போதும், அதை யாரும் பாக்கப் போறதில்ல.

கேள்வி (ஈரோடு): என் பையனுக்கு 12 வயசு. உங்க எழுத்தைப் படிச்சுட்டு சால்டரிங் கம்பியை வெச்சு வளைச்சுக்கிட்டே இருக்கான். ஈயம் விஷம்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.

பதில்: பயப்படுறது நியாயம்தான்மா. சாதாரண சால்டரிங் கம்பி 60க்கு 40, அதாவது நூத்துக்கு 40 பங்கு ஈயம். கையில தொட்டதும் ஒண்ணும் ஆகிடாது, அந்தக் கையோட முறுக்கு எடுத்துச் சாப்பிடுறதுதான் ஆபத்து. அதை விட மோசம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது, தூள் பறந்து மூச்சுல போகும், மேஜையில படியும். நான் எனக்கே வெச்சிருக்கிற சட்டம், ஈயத்தை வெட்டுவேன், வளைப்பேன், தேய்க்க மாட்டேன். குழந்தைக்கு அந்தச் சட்டம் கூட வேணாம், அந்த ரீலை வாங்கி மேல வெச்சுடுங்க. அதுக்குப் பதிலா பழைய அலுமினியம் ஒத்தக்கம்பி ஒயரை உரிச்சுக் கொடுங்க, அதுவும் கையாலயே வளையும், ஈயமும் கிடையாது. ஈயமில்லாத சால்டரிங் கம்பியும் விக்குது, வெள்ளீயம் அதிகமா இருக்கிறதால கொஞ்சம் விறைப்பா இருக்கும், விலையும் கூட. பையனைத் தடுத்துடாதீங்க, கம்பியை மட்டும் மாத்துங்க.

கேள்வி (திருச்சி): பைப்புக்கு அந்த நீல, ஊதா சூட்டுக் கலர் அடிச்சேன். என் ஃபிரெண்டு பாத்துட்டு "தலைகீழா அடிச்சிருக்கே"ன்னு சிரிக்கிறான். எனக்குப் புரியல.

பதில்: முனையில நீலம், இன்ஜின் பக்கம் பொன்னிறம்னு அடிச்சிருப்பீங்க, சரிதானே? இரும்பு சூடாக ஆக மேல ஒரு ஆக்சைடு படலம் கனமாகிட்டே போகும், தண்ணி மேல எண்ணெய் மிதந்தா கலர் காட்டுதே அதே சங்கதிதான், கனத்துக்கு ஏத்த கலர். சாதா எஃகுல 220, 230 டிகிரில வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, 280 கிட்ட ஊதா, 300 கிட்ட நீலம், அதுக்கு மேல போனா மங்கின சாம்பல். ஸ்டெயின்லெஸ்ல இதே வரிசைதான், ஆனா ஒவ்வொண்ணும் இன்னும் ரொம்ப மேல போய்த்தான் வரும். சூடு அதிகம் இன்ஜின் பக்கம், அதனால இன்ஜின்கிட்ட சாம்பல் நீலம், கொஞ்சம் தள்ளி ஊதா, அப்புறம் பொன்னிறம், அப்புறம் வெறும் உலோகம். உங்க ஃபிரெண்டு சொன்னது சரி, சிரிச்சதுதான் தப்பு.

அடிக்கும்போது மெட்டாலிக் கிரே மேல டாமியா கம்பெனியோட கிளியர் ஆரஞ்சை நல்லா நீர்க்க விட்டு ஒரு தடவை, அது காஞ்சப்புறம் இன்ஜின் பக்கம் மட்டும் கிளியர் புளூ.  ஏர்பிரஷ் இல்லாதவங்களுக்கு டாமியா வெதரிங் மாஸ்டர் டி செட், அதுல எரிஞ்ச நீலம், எரிஞ்ச சிவப்பு, எண்ணெய்க் கறை மூணும் இருக்கு, ஐ ஷேடோ மாதிரி பஞ்சுல தொட்டுத் தேய்க்கலாம். இன்னொண்ணு, தினமும் ஆபீஸுக்குப் போற வண்டிக்கு இதெல்லாம் அடிக்காதீங்க. அடியில தண்ணியும் சேறும் பட்டு துருப்பிடிச்சுக் கிடக்கிற பைப்தான் அதுக்கு அழகு, சிவப்புப் பழுப்பும் சாம்பலும் திட்டுத் திட்டா. வானவில்லை ரேஸ் காருக்கு வெச்சுக்கலாம்.

கேள்வி (சேலம்): பெண்ட் பைப்புக்கு மேல துணி சுத்தியிருக்கே, அது எதுல செய்யறது?

பதில்: மெடிக்கல்ல மைக்ரோபோர் டேப் வாங்குங்க. நிஜப் பட்டை ரெண்டு இன்ச் அகலம், 1/24ல 2 மி.மீ. கண்ணாடி மேல ஒட்டி ஸ்கேல் வெச்சு புது பிளேடால வெட்டி, பாதி பாதி மேல ஏறுற மாதிரி சுத்துங்க. துணி மாதிரி சொரசொரப்பு அதுலயே இருக்கு. பெயிண்ட் வழிய வழிய அடிச்சா அந்தச் சொரசொரப்பு மூடிடும், நீர்க்க அடிங்க.

கேள்வி (வேலூர்): இதெல்லாம் எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? 3டி பிரிண்ட்ல போட்டு எடுத்துடலாமே.

பதில்: எடுக்கலாமே, யார் வேணாம்னா? ஃபிளேஞ்சு, டர்போ, மப்ளர் மாதிரி கட்டிமுட்டி பாகமெல்லாம் ரெசின் பிரிண்ட்ல அருமையா வரும், நானே போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மெல்லிசான நீளப் பைப்புதான் பிரச்சனை. சப்போர்ட்டை (பிரிண்ட் ஆகும்போது தாங்குற குச்சி) பிச்சு எடுக்கும்போது டப்புன்னு ஒடியும், அடுக்கடுக்கா விழற படிக்கோடு இருந்தா சாதா பெயிண்ட்ல தெரியாது, மெட்டாலிக் அடிச்ச உடனே ஒவ்வொரு கோடும் பல்லைக் காட்டும். அதோட உங்க இன்ஜின் ஒரு மி.மீ. சாஞ்சு ஒட்டியிருந்தா பிரிண்ட் பைப் ஓட்டைக்கு வந்து சேராது, கம்பின்னா லேசா ஒரு அழுத்து அழுத்தினா வந்துட்டுப் போகுது. எனக்கு எந்த இன்ஜினும் நேரா உக்காந்ததில்ல, அதனால கம்பிக் கட்சியிலயே இருக்கேன்.

கேள்வி (தாம்பரம்): சால்டரிங் கம்பி மேல பெயிண்ட் நிக்கல, கண்ணாடியெல்லாம் வேற வெள்ளையா பூத்துப் போச்சு.

பதில்: ரெண்டும் தனித்தனி வியாதி. கம்பி மேல ஃபிளக்ஸ் பிசுக்கும் உங்க கைப் பிசுக்கும் இருக்கும், தின்னர் நனைச்ச துணியால துடைச்சுட்டு மெட்டல் பிரைமர் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. கண்ணாடி பூத்தது பெவிகுயிக் ஆவி. மூடின பாடிக்குள்ள அதைப் போட்டா ஆவி போக வழியில்லாம கண்ணாடில போய் படியும். நானும் மூணு மாசம் உக்காந்து கட்டின ஒரு வண்டியை கடைசி நாள், ஒரே ஒரு ஹேங்கர் ஒட்டப்போய் இப்படித்தான் பாழாக்கினேன், விண்ட்ஷீல்டு பூரா பனிமூட்டம். அன்னில இருந்து பாடியை மூடினப்புறம் அரால்டைட் மட்டும்தான், நேரமானா ஆகட்டும்.

கேள்வி (நாகப்பட்டினம்): எங்கப்பா முப்பது வருஷம் அம்பாஸடர் டாக்ஸி ஓட்டினார். அவர் பிறந்தநாளுக்கு பொம்மைக் கடை அம்பாஸடர் ஒண்ணு வாங்கி அவர் வண்டி மாதிரியே மாத்திக்கிட்டு இருக்கேன். அடியில வெறும் பிளாட் பிளாஸ்டிக், சைலன்சரே இல்ல. பெட்டியில ஸ்கேலும் போடல. எப்படி அளவு எடுக்கிறது?

பதில்: நல்ல வேலை செய்யறீங்க. ஸ்கேல் போடலைன்னா நாமளே கண்டுபிடிச்சுக்கலாம். அம்பாஸடருக்கு முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் 2464 மி.மீ., அது வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதே அளவுதான். உங்க பொம்மையில அதே தூரத்தை மி.மீ. ரூலர் வெச்சு அளந்து 2464ஐ அதால வகுங்க. 70 மி.மீ. வந்தா உங்க வண்டி 1/35. பொம்மைக்காரங்க அகலத்தையும் உயரத்தையும் அப்படி இப்படி இழுத்திருப்பாங்க, அதைக் கண்டுக்காதீங்க, பைப்புக்கு இந்தக் கணக்கு போதும்.

2014ல அம்பாஸடர் தயாரிப்பை நிறுத்திட்டாங்கன்னாலும் நம்ம ஊர்ல எந்த டிங்கர் கடை ஓரத்துலயாவது ஒண்ணு நிக்கும், ஒரு சணல் கயித்தை எடுத்துக்கிட்டுப் போய் டெயில்பைப்பைச் சுத்திப் பிடிச்சு, அந்த நீளத்தை 3.14ஆல வகுத்தா விட்டம் வந்துடும். பழுதுபாத்த வண்டியில வேற பைப் போட்டிருப்பாங்க, அப்பாகிட்டயே பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க, எந்தப் பக்கம் வந்துச்சு, எத்தனை தடவை வெல்டு வெச்சீங்கன்னு. முப்பது வருஷம் ஓட்டினவருக்கு அதெல்லாம் விரல் நுனியில இருக்கும். அந்த ஸ்கேலுக்கு 18 இல்ல 20 நம்பர் கம்பி சரியா வரும்னு நினைக்கிறேன், முனைக்கு மட்டும் 18 நம்பர் ஊசித் துண்டு. வெல்டு தழும்பு வேணும்னா கிட் சட்டத்தை மெழுகுவத்தியில காட்டி இழுத்து முடி மாதிரி நூலாக்கி, பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு மேல சுத்தி ஒட்டி லிக்விட் சிமெண்ட் (பிளாஸ்டிக் ஒட்டுற திரவப் பசை) தடவி ஊறினதும் ஊசியால கிட்ட கிட்ட குத்துங்க, நிஜ வெல்டு மாதிரியே மேடு பள்ளமா வரும், அதை வளையத்தோட பைப்புல ஏத்திடலாம்.

பளபளன்னு வெள்ளி அடிச்சுடாதீங்க. டாக்ஸி வண்டி அது. பைப் பூரா துரு, வாய்க்குள்ள கரி, பைப்புக்கு மேல பம்பர் ஓரத்துல விரல் நுனியில பென்சில் தூள் தொட்டு லேசா ஒரு புகைக்கறை.